நிழல் இல்லாத நாய்

அத்தியாயம் 9

நாற்பது பேர் கை தட்டினாலும், தட்டாத ஒருவரின் கைதான் கண்ணை உறுத்தும். கழுகுக்கு அன்று அதுதான் நடந்தது.

காலை ஒன்பது மணிக்கு, முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இட்லித் தட்டோ ரொட்டித் தட்டோ ஏதோ ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு நாற்பது பெரியவர்கள் அவருக்குக் கை தட்டினார்கள். தட்டாதவள் அவருடைய சொந்த உதவியாளர் ஊசி. இப்போது மணி பன்னிரண்டு. ஆபீசில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சாம்பல் நிறக் கோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

வாசல் பலகையில் 'துப்பறிவாளர்' என்று கௌரவமாகத்தான் எழுதியிருக்கிறது. எப்போதோ ஒரு நிருபர் 'கழுகுக் கண்' என்று எழுதிவைக்க, கண்ணை விட்டுவிட்டுக் கழுகை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. ஊசி அவரிடம் வருவதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் ஒரு ஆல்டரேஷன் கடையில் இருந்தவள். பெரிய உடம்புக்குத் தைத்ததைச் சின்ன உடம்புக்குச் சுருக்கிக் கொடுப்பது தொழில். அவள் வாயும் அதே ரகம். குத்தும்போது தெரியாது, அரை மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும்.

"ஏம்மா ஊசி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பிரமாதம், சபாஷ், ஏதாவது ஒண்ணு?"

"பிரமாதம் சார். நல்ல துணி. உள்துணிகூட நைஞ்சு போகலை."

"நான் கோட்டைக் கேக்கலை."

"நான் கோட்டைத்தான் சார் பாக்கறேன்."

கழுகு பெருமூச்சு விட்டார். அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். வழக்கே அந்தப் படம்தான்.

அந்த இல்லத்தில் மூன்று வருஷம் இருந்து, ஒன்பது நாளைக்கு முன்பு இறந்துபோன ஓவியர் ஒருவர் கடைசியாக வரைந்தது. ஒரு நாற்காலி. அதில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் ஆள். கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கதவும் சாத்திய மர ஜன்னல். கோட்டு திறந்திருக்கும் இடத்தில், நெஞ்சின் மேல், தலைகீழாகத் தொங்கும் ஒரு கடிகாரம். இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வரிசையாக வெள்ளை வெள்ளையாகப் பற்கள். காலில் வெள்ளை ஷூ. நாற்காலிக்கு அடியில் ஒரு நாய். நாற்காலிக்கு நிழல் இருந்தது, ஆளுக்கு நிழல் இருந்தது, தரையில் கிடந்த ஸ்பூனுக்குக்கூட நிழல் இருந்தது. நாய்க்கு மட்டும் இல்லை. படத்தின் பின்பக்கம் ஓவியரே எழுதியிருந்தார்: 'இது யாரென்று கண்டுபிடித்து, இந்தப் படத்தை அவரிடம் கொடுக்கவும்.'

ஓவியரின் ஒரே மகன்தான் கழுகை அமர்த்தினார். "அது என் கோட்டு சார். அங்க விட்டிருந்தேன், இப்போ காணோம். அப்போ அது நான்தானே? ஆனா இல்லத்துல நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. கழுகு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அதைவிட ருசியான ஒன்று கிடைத்துவிட்டது.

காலையில் கூடத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவை இப்போது நினைத்தாலும் அவருக்கே புல்லரித்தது. "முகத்தை மூடியவன் யார்? திருடன்! கடிகாரம் ஏன் தலைகீழ்? ஒரு முதியவரின் நேரத்தைத் திருடினான்! பற்கள் எதற்கு? பேராசை! வெள்ளை ஷூ? யோக்கியன் வேஷம்! காவல் நாய் படுத்துத் தூங்குகிறது, பாருங்கள்! படத்தை அவனிடமே கொடு என்று ஓவியர் குத்திக் காட்டுகிறார். மகனுடைய கோட்டைத் தேடுங்கள், திருடன் கிடைப்பான்!"

தேடினார்கள். கிடைத்தது. கைத்தாங்கலின் லாக்கரில் கிடைத்தது.

கைத்தாங்கல் அங்கே இருபது வருஷமாக வேலை பார்க்கும் உதவியாளர். நடக்க முடியாதவர்களைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போவதால் பெரியவர்களே வைத்த பெயர். குள்ளமான ஆள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். "நீதானே எடுத்தே?" என்று கழுகு விரலை நீட்டிக் கேட்டார். "நான்தான் எடுத்தேன் சார்," என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடும், வேலையை விட்டு நீக்கிப் போலீசில் ஒப்படைக்கும் என்று நிர்வாகி அம்மா அங்கேயே அறிவித்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கைதட்டல்.

"சார்," என்றாள் ஊசி, "ஒரே ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு."

"இந்தத் திருடன் ஏன் சார் கோட்டோட கையைச் சுருக்கினான்?"

அவள் ஒரு கையைத் திருப்பிக் காட்டினாள். நுனி இரண்டு அங்குலம் உள்ளே மடிக்கப்பட்டு, வெள்ளை நூலில், பெரிது பெரிதாக ஒரு தையல் ஓடியிருந்தது.

"குள்ளமான ஆள். கை நீளமா இருந்திருக்கும். சுருக்கிக்கிட்டான். இதுல என்ன?"

"திருடி விக்கறவன் கையை வைக்கவே மாட்டான் சார், விலை போகாது. திருடிப் போட்டுக்கறவன் நல்லா மிஷின்ல அடிச்சுப்பான். இதைப் பாருங்க, ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் கையோட வந்துடும். துணியில ஓட்டைகூட விழாது. எங்க கடையில கல்யாணத்துக்கு இரவல் கோட்டு வாங்கிட்டு வர்றவங்களுக்கு இப்படித்தான் போட்டுக் குடுப்போம். இது திருப்பிக் குடுக்கப்போறவனோட தையல்."

கழுகு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் கண் தானாகப் படத்துக்குப் போயிற்று. மணிக்கட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக...

"அது பல் இல்லை சார்," என்றாள் ஊசி மெதுவாக. "நூல்."



"அப்போ தலைகீழ்க் கடிகாரம்?" என்று கேட்டார் கழுகு.

"காலையில கைத்தாங்கல் சட்டையைப் பாக்கலையா சார்? அங்க நாள் முழுக்கக் கை கழுவிட்டே இருக்கணும், கையில வாட்ச் கட்டக் கூடாது. எல்லாரும் நெஞ்சுல குத்தியிருக்காங்க. எதிர்ல நிக்கற நமக்குத் தலைகீழ். குனிஞ்சு பாக்கற அவருக்கு நேர்."

"வெள்ளை ஷூ..."

"அங்க வேலை பாக்கற எல்லாருக்கும் அதான் யூனிஃபார்ம். நிர்வாகி அம்மாகூட அதான் போட்டிருந்தாங்க. நல்லவேளை, அவங்களையும் யோக்கியன் வேஷம்னு சொல்லாம விட்டீங்க."

ஜன்னலைப் பற்றி அவள் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முந்தாநாள் இல்லத்து டாக்டர் சொன்னது அவருக்கே நினைவு வந்தது. ஓவியருக்குக் கடைசி வருஷத்தில் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு இருட்டுத்தான் தெரியும், ஓரங்கள் மட்டும் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகம் இருக்காது, கை நுனியில் ஓடும் நூல் தெரியும். டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது கழுகு தன் சொற்பொழிவுக்கு நல்ல தொடக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுஷன் கற்பனையா எதையும் வரையலை சார். கண்ணுக்குத் தெரிஞ்சதை அப்படியே வரைஞ்சிருக்காரு. கற்பனை பண்ணினது நாமதான்."

நாம என்றாள். அந்த மரியாதைதான் அவரை இன்னும் கொன்றது. பண்ணினது அவர் ஒருத்தர்தான்.

ஊசி விடவில்லை. கோட்டின் உள்பாக்கெட்டுக்குள் விரலை விட்டாள். "நல்ல கோட்டுன்னா உள்ளே சில்லறைக்குன்னு இன்னொரு குட்டிப் பாக்கெட் இருக்கும். வெளியில பாத்தாத் தெரியாது. தைக்கறவங்களுக்குத்தான் தெரியும்." எட்டாக மடித்த ஒரு காகிதம் வந்தது. வியர்வையில் நனைந்து காய்ந்து மடிப்பெல்லாம் பஞ்சாகியிருந்தது. கழுகு மேஜை மேல் விரித்துப் படித்தார். கைத்தாங்கலின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருண்டை உருண்டையாக:

'டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லணும்.
உயரம் என்றால் பயம். மாடிக்குக் கூப்பிட்டால் போகக் கூடாது.
பள்ளியில் நீச்சலில் கப் வாங்கினது.
அம்மா பேச்சு வந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்.
நாயைக் கேட்டால், நல்லா இருக்கு, முடி கொட்டுவது நின்றுவிட்டது என்று சொல்லணும்.
அதிகம் பேசாதே. அவர் அதிகம் பேச மாட்டார்.'

இரண்டு தடவை படித்தார். பரீட்சைக்குப் போகிறவன் எழுதிவைத்துக்கொள்ளும் துண்டுச் சீட்டு. பரீட்சை என்ன? ஓவியரின் மகனாக இருப்பது.

"ஆள்மாறாட்டம்!" என்று கழுகு துள்ளி எழுந்தார். தொழில் புத்தி, என்ன செய்வது. "மகன் மாதிரி வேஷம் போட்டு, கண் தெரியாதவரை ஏமாத்தி..."

"ஏமாத்தி என்ன சார் எடுத்தாரு?" ஊசியின் குரலில் முதல் தடவையாகக் கேலி இல்லை. "ஓவியரோட கட்டில்ல தொங்கற அட்டையைப் பாத்தேன். எட்டு மாசம் முன்னாடி வரைக்கும் தினம் 'இரவு உணவு, சாப்பிடவில்லை'. திடீர்னு ஒரு நாள்லேர்ந்து 'சாப்பிட்டார்'. சாகறதுக்கு முன்னாடி நாள் வரைக்கும் 'சாப்பிட்டார்'. வாசல்ல பார்வையாளர் நோட்டையும் பாத்தேன். மகனோட கடைசிக் கையெழுத்து பதினோரு மாசம் முன்னாடி."

"இதெல்லாம் எப்போ பாத்தே?"

"எல்லாரும் கை தட்டிட்டு இருந்தப்போ சார். எனக்குக் கை சும்மா இருந்துச்சு."

கழுகு உட்கார்ந்தார். அட்டை அவர் கண்ணுக்கு எதிரே தொங்கியது. நோட்டில் அவரே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார், மேல் வரியைப் படிக்கவில்லை. தன்னைவிட ஓரிரு வயது பெரிய மனிதரை, நாற்பது பேர் நடுவில், விரலை நீட்டி 'நீ' என்று கேட்டார். அந்த விரலை இப்போது மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். காது மடல் வரை சூடாக இருந்தது. இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் தோற்றதுண்டு, முட்டாளானதுண்டு. ஆனால் இப்படிக் கூசிப்போனதில்லை.

"என்னை ஏன் அப்பவே தடுக்கலை?"

"தையலை அப்போ பாக்கலையே சார். பாத்திருந்தாலும்..." அவள் கோட்டை மடித்தாள். "கை தட்டல் நடுவுல நான் பேசினா உங்க காதுல விழுந்திருக்குமா?"

மூன்று மணிக்கு மகன் வந்தார். படத்தை வாங்கிப் போக வந்தவர், படத்தின் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்ல சட்டை, சரியாகத் தூங்காத கண்.

"அது நான் இல்லைன்னு நிச்சயம்தானா சார்?"

அந்தக் கேள்வி கழுகின் நெஞ்சில் தைத்தது. திருடனைப் பிடித்துத் தரச் சொல்லி அல்ல, 'உங்க அப்பா உங்களைத்தான் வரைஞ்சாரு' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி வந்த ஆள் இவர். அதையும் அவர் கவனிக்கவில்லை.

"சில கேள்வி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டீயில சர்க்கரை?"

"போட்டுக்க மாட்டேன். ஏன் சார்?"

"உயரம்னா பயமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"நீச்சல்ல கப்?"

"எட்டாவது படிக்கும்போது. சார், இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"கடைசியா அப்பாவை எப்போ பாத்தீங்க?"

மகன் கோட்டைப் பார்த்தார். "அந்தக் கோட்டை அங்க விட்டுட்டு வந்த அன்னிக்கு."

"எடுக்கக்கூடத் திரும்பிப் போகலையா?"

"அவர் என்னை 'யாரு'ன்னு கேட்டாரு சார். நான்தாம்பான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் 'யாரு'ன்னாரு. கண்ணுதான்னு தெரியும், டாக்டர் சொல்லியிருந்தாரு. ஆனாலும் மூணாவது தடவை கேட்டா தாங்க மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். அடுத்த வாரம் போலாம்னு நினைச்சேன். அப்புறம் போகாததுக்கே வெக்கமா இருந்துச்சு. வெக்கப்பட்டே போகலை." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

கழுகுக்கு அவரைக் கண்டிக்க வாய் வரவில்லை. காலையிலிருந்து தானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. காகிதத்தில் மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உங்க நாய் எப்படி இருக்கு? முடி கொட்டறது நின்னுடுச்சா?"

மகன் நிமிர்ந்தார். "எந்த நாய்?"

"உங்க வீட்டு நாய்."

"எங்க வீட்டுல நாயே இருந்ததில்லை சார். எப்பவுமே. அம்மாவுக்கு நாய்னா மூச்சு இழுக்கும். இப்போ எங்க வீட்டுலயும் கிடையாது. அப்பாவுக்கு அது நல்லாத் தெரியுமே?"

கழுகு படத்தைப் பார்த்தார். ஊசியும் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் அந்த நாய், நிழல் இல்லாமல், நிம்மதியாகப் படுத்திருந்தது.

"சார்..." என்று ஆரம்பித்தாள் ஊசி.

"தெரியுது. இந்தத் தடவை எனக்கே தெரியுது," என்றார் கழுகு. படத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "கோட்டை எடுத்துக்கோ. சார், நீங்களும் வாங்க. அஞ்சு மணிக்குள்ள போயாகணும்."

இல்லத்தை அடைந்தபோது ஐந்துக்கு இருபது நிமிஷம். கூடத்தில் மாலை டீ நடந்துகொண்டிருந்தது. அதே நாற்பது பேர். கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் ஒரு மேஜையில் காகிதத்தைப் பரப்பிவைத்திருந்தார்கள். அந்தக் கோடியில், துணி அறை வாசல் பெஞ்சில், கைத்தாங்கல் தன் சொந்தச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. நெஞ்சில் கடிகாரம் இல்லை, அதைக் கழற்றி வாங்கிவிட்டிருந்தார்கள்.

கழுகைக் கண்டதும் நாலைந்து பெரியவர்கள் மறுபடியும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

"தயவு செஞ்சு தட்டாதீங்க," என்றார். காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றார். வேறு இடத்தில் நின்று சொல்லலாம், நிர்வாகி அம்மாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம் என்றெல்லாம் வழி முழுக்க மனது பேரம் பேசியது. அவர் விடவில்லை. "காலையில இந்த இடத்துல நான் சொன்னது அத்தனையும் தப்பு. படமும் எனக்குப் புரியலை, மனுஷனும் புரியலை. இவர் திருடலை. இவரை விரல் நீட்டி 'நீ'ன்னு கேட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஐயா, என்னை மன்னிச்சிடுங்க."

யாரும் கை தட்டவில்லை.

"மன்னிப்பு இருக்கட்டும்," என்றார் கமிட்டியில் ஒருவர். "கோட்டு எப்படி லாக்கருக்குப் போச்சு?"

கைத்தாங்கல் விசுக்கென்று எழுந்து ஓடி வந்தார். கழுகின் கையைப் பிடித்தார். "வேண்டாம் சார். சொல்லாதீங்க. நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேனே, அதோட விடுங்க. திருடன்னே இருந்துட்டுப் போறேன். பாவம், அந்தப் பெரியவர் ஏமாந்தாருன்னு பேரு வர வேண்டாம்."

கழுகு திகைத்து நின்றார். உண்மையைச் சொன்னால் ஒரு மகனின் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதரின் வேலை போகும். துப்பறிகிறவருக்கு அவிழ்க்கத்தான் தெரியும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"நான் சொல்றேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மகன். வரும் வழியிலேயே ஊசி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அது என் கோட்டு. பதினோரு மாசம் நான் இங்க வரலை. எங்க அப்பா சாப்பிடாமக் கிடந்தாரு. எனக்குப் பதிலா இவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, தினம் சாயங்காலம், நான் மாதிரி வந்தாரு. சாப்பிட வச்சாரு. திருடினது யாருன்னு கேட்டா..." முடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். காலையில் கைத்தாங்கல் குனிந்த அதே இடம்.

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாகி அம்மா காகிதங்களை மெல்ல மடித்தார்.

"ஏம்ப்பா, இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமில்லை?" என்றார் அவர்.

"எப்படிம்மா சொல்றது?" கைத்தாங்கல் உடைந்துபோனார். "கண்ணு தெரியாத பெரிய மனுஷனை எட்டு மாசம் ஏமாத்தினேன். 'வாடா'ன்னு அவர் ஆசையாக் கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போவேன். மறுநாள் போகக் கூடாதுன்னு நினைப்பேன். போகலைன்னா சாப்பிட மாட்டாரு. காலையில அவரே என்கிட்ட மகனைப் பத்திக் கதை கதையாச் சொல்லுவாரு, அதை எழுதி வச்சுக்கிட்டுச் சாயங்காலம் அவர்கிட்டயே ஒப்பிப்பேன். என்ன பிழைப்பும்மா அது? அவர் போனதும் தையலைப் பிரிச்சுட்டுக் கோட்டைத் திருப்பி வைக்கலாம்னுதான் எடுத்தேன். பிரிக்கக் கை வரலை. அவரை ஏமாத்தினேன்னு எல்லார் எதிர்லயும் சொல்றதைவிட, கோட்டைத் திருடினேன்னு சொல்றது எனக்கு எவ்வளவோ மேலாத் தெரிஞ்சுது."

கழுகு படத்தைத் தூக்கி அவர் கண்ணெதிரே பிடித்தார்.

"ஐயா, நாயைப் பத்தி அவர் என்ன சொன்னாரு?"

"மகன் வீட்டு நாயா? முடி கொட்டுதுன்னு ஒரு நாள் காலையில கவலையாச் சொன்னாரு சார். நான் மகனாப் போக ஆரம்பிச்ச முதல் வாரமே. அன்னிக்குச் சாயங்காலம் 'நாய் எப்படிடா இருக்கு'ன்னு கேட்டாரு. நல்லா இருக்குப்பா, முடி கொட்டறது நின்னுடுச்சுன்னு சொன்னேன். அப்படிச் சிரிச்சாரு சார் அன்னிக்கு. ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

"அப்படி ஒரு நாயே கிடையாது."

கைத்தாங்கல் புரியாமல் பார்த்தார்.

"இவங்க வீட்டுல நாய் இருந்ததே இல்லை. பெரியவருக்கு அது தெரியும். காலையில இல்லாத நாயை உங்ககிட்ட சொன்னாரு. சாயங்காலம் மகனா வந்தவர் அதே நாய் நல்லா இருக்குன்னாரு. அந்த நிமிஷம் அவருக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு. முதல் வாரமே! அதுக்கப்புறம் தினம் காலையில கதை சொன்னது உளறல் இல்லை. சாயங்காலம் நீங்க தடுமாறக் கூடாதுன்னு பாடம் சொல்லிக் குடுத்திருக்காரு. உங்க தையல், உங்க கடிகாரம், உங்க ஷூ, எல்லாத்துக்கும் நிழல் போட்டு வரைஞ்சிருக்காரு. இருக்கறதுக்கெல்லாம் நிழல் இருக்கு. இல்லாத நாய்க்கு மட்டும் இல்லை. படத்துல இருக்கறது நீங்கதான். உங்ககிட்ட குடுக்கச் சொல்லித்தான் பின்னாடி எழுதியிருக்காரு. நீங்க யாரையும் ஏமாத்தலை ஐயா."

கைத்தாங்கல் படத்தை வாங்கவில்லை. நாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாள்," என்றார் ஒருவழியாக, "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இந்த நூலைத் தடவிக்கிட்டே, 'நீ என் பையனா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா'ன்னாரு. மகன்கிட்டயே இப்படிச் சொல்றாரே, நினைவு தப்பிடுச்சு போலன்னு நினைச்சு, எதுவுமே பதில் சொல்லாம இருந்துட்டேன்."

ஊசி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளிடம் அந்த நேரத்துக்கு ஒரு ஜோக்கும் இல்லை.

கழுகு படத்தை மெதுவாகக் கைத்தாங்கலின் கையில் வைத்தார். மகன் ஊசியிடமிருந்து கோட்டை வாங்கினார். கை நுனியில் ஓடிய வெள்ளை நூலை விரலால் தடவினார். பிரிக்கவில்லை. மடித்து, படத்தின் மேலேயே வைத்தார். பிறகு, கடன் கேட்க வந்தவரைப் போலத் தயங்கித் தயங்கி, கைத்தாங்கலின் அருகில் வந்து நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" குரல் அவருக்கே கேட்டிருக்காது. "அந்த எட்டு மாசமும்... நான் அவர்கிட்ட என்ன பேசினேன்?"

கைத்தாங்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"நீங்க அதிகம் பேச மாட்டீங்க சார்," என்றார். "தினம் வருவீங்க. வந்து பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அவருக்கு அதுவே போதும்."